மொறிஸ் மைனர் ஸ்டியரிங் கொலம் ஆடுது, அடியில வெல்டிங் அடிக்கலாமா?

மல்லியப்பு57

வணக்கம் எல்லாருக்கும். வண்டி 1957 மொறிஸ் மைனர் 1000, 948 சீசீ. ஸ்ரீ நம்பர் வர்றதுக்கு முந்தின இங்கிலீஷ் எழுத்துத் தட்டுதான் இன்னும் இருக்கு. எங்க பெரியப்பா டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்துல டிஸ்பென்சரா இருந்தப்ப வாங்கினது. அவருக்குப் பொறகு ரொம்ப காலம் தார்ப்பாய்க்குக் கீழ கிடந்துச்சு. இப்பதான் ரோட்டுக்கு எடுத்திருக்கேன். எஞ்சினும் பிரேக்கும் சரி பண்ணியாச்சு. கதவுத் தூணுல இருந்து கை நீட்டுற சிக்னல் கூட வேலை செய்யுது. ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க அதைப் பாக்குறதுக்குன்னே திரும்பச் சொல்லிக் கத்துதுங்க.

தொல்லை ஸ்டியரிங்லதான். வீலை ரெண்டு கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டினா, கொலத்தோட, அதாவது வீலைத் தாங்குற தண்டுக் குழாயோட, மேல் பக்கம் டக்கு டக்குன்னு அடிக்குது. உடைஞ்ச ரோட்டுல போனா அந்தச் சத்தம் நிக்கவே நிக்காது. அது போக, நேரா போறப்ப வீல் ரெண்டு இஞ்சி அளவுக்கு சும்மாவே சுத்துது, அதுக்குப் பொறகுதான் டயர் கேக்குது. ஹட்டன்ல இருந்து கொட்டகலை வரைக்கும் சமாளிச்சிரலாம். போன வாரம் நுவரெலியாவுல இருந்து வர்றப்ப ராதெல்ல குறுக்குப்பாதையில எறங்கினேன். ஒவ்வொரு முடக்குலயும் வீலைத் திருப்பிட்டு வண்டி திரும்புதான்னு காத்திருக்க வேண்டியதா போச்சு. பக்கத்துல இருந்த வீட்டம்மா நானுஓயாவுல பஸ் ஏறி வர்றேன்னு எறங்கப் பாத்தாங்க.

ஒரு கராஜ்ல காட்டினேன். கொலம் அடியில ரெக்கோட (டயரை இடம் வலம் தள்ளுற பல்லுச் சட்டம்) சேர்ற இடம் தேஞ்சிருக்கு, வெல்டிங் அடிச்சிட்டா ஆட்டமே வராது, அரை நாள் வேலைன்னாங்க. இன்னொருத்தர் கொலத்தையே தூக்கிப் போட்டுட்டு பழைய நிசான் சன்னிக் கொலம் ஒண்ணை மாட்டலாம்கிறார். அலைன்மென்ட் கடைக்குப் போனா, கம்பியூட்டர்ல இந்த வண்டியே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

வெல்டிங் சரியா? மேல் பக்க ஆட்டத்துக்கு என்ன போடணும்? மைனர் வச்சிருக்கிறவங்க சொல்லுங்க.

---

கொட்டகலை_குமரன்

அண்ணே வெல்டிங் மட்டும் வேணாம். எங்க மாமாவோட மைனருக்கு அடிச்சாங்க, ஆறு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்புறம் ரெக்குல எண்ணெய் ஒழுகுதுன்னு கழட்டப் போனா கொலத்தை எடுக்க வழியே இல்ல, கிரைண்டர் வச்சு அறுத்தாங்க. கொலமும் போச்சு, ரெக்கைத் தள்ளுற பினியன் பல்சக்கரமும் போச்சு.

சன்னிக் கொலமும் வேணாம். மாட்டலாம், ஆனா டாஷ்ல பிடிக்கிற இடம் ஒத்து வராது. அங்கயும் வெல்டிங்தான். ஸ்டோர்பிட்டர் ஐயா இந்தப் பக்கம் வந்தா விவரமா சொல்லுவார்.

---

ஸ்டோர்பிட்டர்

வந்துட்டேன்.

தம்பி, நான் தோட்டத்து ஸ்டோர்ல, அதாவது தேயிலை பெக்டரியில, பிட்டரா இருந்தவன். ரோலரு, சிரோக்கோ டிரையரு, கொழுந்து லொறி, தொரையோட காரு எல்லாத்துக்கும் ஒரே ஆள், ஒரே ஸ்பெனர் பெட்டி. தொரைமார் மாறிக்கிட்டே இருப்பாங்க, மைனர் மட்டும் அப்படியே இருக்கும். அதனால சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, நீளமா வரும்.

வெல்டிங் பேச்சை விட்டுருங்க. குமரன் சொன்ன கழட்ட முடியாத கதை ஒரு பக்கம். அதை விடப் பெரிசு, பினியன் தண்டு பதம் போட்ட இரும்பு. அதுல வெல்டிங் சூடு பட்டா அந்த இடத்துல பதம் மாறிப்போகும், வெல்டிங் முடியிற ஓரத்துல வெடிப்பு விட ஆரம்பிக்கும். வெளிய தெரியாது. ஒரு நாள் முடக்குல முழு வீலும் திருப்புறப்ப முறியும். அப்ப கையில வெறும் வீல்தான் மிச்சம். பிரேக் போனா ஹேண்ட் பிரேக் இருக்கு, கியர் இருக்கு. ஸ்டியரிங் போனா ஒண்ணுமே இல்ல, கினிகத்தேனை எறக்கத்துல அதை நெனச்சுப் பாருங்க.

இப்ப நோய் எங்கன்னு பாப்போம். நீங்க சொல்றது ரெண்டு வேற வேற ஆட்டம், ரெண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. மேல கீழ ஆடி அடிக்கிறது கொலத்தோட மேல் வாயில இருக்கிற பெல்ட் (felt) புஷ். அது சும்மா ஒரு கம்பளிச் சுருள், வெளிக் குழாய்க்கும் உள்தண்டுக்கும் நடுவுல இருக்கும். காஞ்சு பொடியாகி விழுந்துரும். சத்தம் பயமா இருக்கும், ஆனா அதால உடனே ஆபத்து இல்ல. சுத்துற ஆட்டம்தான் ஆளைக் கொல்றது, அது எங்க வேணும்னாலும் இருக்கலாம். கராஜ்காரர் அடியிலன்னு எப்படிக் கண்டுபிடிச்சார்? பிடிச்சுப் பாத்தாரா, இல்ல வீலை ஆட்டிட்டுச் சொன்னாரா?

இப்படிப் பாருங்க. வண்டி தரையில நிக்கட்டும், ஜாக் வேணாம், டயர்ல பாரம் இருக்கணும். ஒரு ஆள் உள்ள உக்காந்து வீலை அந்த ரெண்டு இஞ்சிக்குள்ள மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டணும், வேகமா வேணாம். நீங்க கையால தொட்டுக்கிட்டே வரணும். முதல்ல கொலத்தோட அடி, அதோட ஒட்டி பினியன் தண்டு. ஒரு விரல் தண்டுல, ஒரு விரல் பினியன்ல. ரெண்டும் ஒண்ணாத் திரும்புதா? திரும்பினா அடுத்து ரெக் உடம்பு. அது வண்டியோட கெட்டியா இருக்கா, இல்ல கிளாம்ப் தளர்ந்து முழு ரெக்குமே இடம் வலம் போகுதா? அப்புறம் டை ரொட், அதோட முனையில போல் ஜொயின்ட், அப்புறம் ஸ்டியரிங் கை. வீல்ல இருந்து டயர் வரைக்கும் ஆட்டம் எந்த எடத்துல காணாமப் போகுதோ அங்கதான் தேய்மானம். இதுக்கு மெஷின் தேவையில்ல. ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போகும், பயப்பட வேணாம், எங்க பெரிசா போகுதுன்னு பாருங்க.

மைனர்ல ஸ்டியரிங் பொக்ஸ் கிடையாது தெரியுமில்ல. 1948ல வந்த முதல் மைனர்லயே ரெக்கும் பினியனும்தான். அலெக் இசிகோனிஸ் வரைஞ்ச வண்டி, பின்னாடி மினியையும் அவர்தான் வரைஞ்சார். அதே காலத்து ஒஸ்டின்ல எல்லாம் பொக்ஸ், அதுல புதுசா இருக்கிறப்பவே கொஞ்சம் பிளே உண்டு. மைனர்ல அப்படி இருக்கக் கூடாது. ஒழுங்கா இருக்கிற மைனர் முடக்குல விரல் நுனியில திரும்பும். ரெண்டு இஞ்சின்னா அது வயசாகிப் போச்சுன்னு விடுற விஷயம் இல்ல.

கொலத்தோட உள்தண்டு அடியில ஸ்பிளைன், அதாவது நீளவாக்குப் பல்லு, வெட்டிப் பினியன் தண்டு மேல ஏறி நிக்கும். அதைச் சுத்தி ஒரு கிளாம்ப், அதுல வேணும்னே அறுத்து விட்ட ஒரு வெடிப்பு, அந்த வெடிப்பை இறுக்க ஒரு போல்ட். டோர்ச் அடிச்சு அந்த வெடிப்பைப் பாருங்க. ரெண்டு வாயும் ஒண்ணை ஒண்ணு முட்டி மூடிட்டுதுன்னா, நீங்க போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது போல்ட்டைத்தான் இறுக்குமே தவிர தண்டைப் பிடிக்காது. முக்காவாசி வண்டியில நோய் இதுதான். அப்ப போல்ட்டை முழுசா வெளிய எடுத்துப் பாருங்க. அரை இஞ்சி ஸ்பெனர் பிடிக்கிற தலைன்னா அது 5/16 யூஎன்எஃப், இஞ்சி அளவுத் திரெட். எட்டு மில்லி போல்ட்டும் கிட்டத்தட்ட அதே மொத்தம்தான், 5/16 இஞ்சின்னா 7.94 மில்லி. ஆனா திரெட்டோட அடர்த்தி வேற. யாராவது நட் கிடைக்கலன்னு எட்டு மில்லியை அடிச்சு ஏத்தியிருந்தா ரெண்டு திரெட்டும் கெட்டிருக்கும். 13ஆம் நம்பர் ஸ்பெனர் அரை இஞ்சித் தலைக்கு ஏறும், அதுவும் கிட்டத்தட்டத்தான், அரை இஞ்சி 12.7 மில்லி. துருப்பிடிச்ச போல்ட்டுன்னா தலை உருண்டுரும். இஞ்சி ஸ்பெனர் வாங்கிருங்க.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. உங்க வண்டி ரொம்ப காலம் தார்ப்பாய்க்குக் கீழ கிடந்ததுன்னு எழுதியிருக்கீங்க. முன் சக்கரத்துல மேலயும் கீழயும் ட்ரனியன் இருக்கு, பாத்தீங்களா? மைனர்ல சக்கரம் திரும்புறது திரெட்டுல. சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற தண்டோட ரெண்டு நுனியிலயும் திரெட் வெட்டியிருக்கும், அது ட்ரனியனுக்குள்ள திருகினபடி நின்னுதான் வண்டியோட பாரத்தைத் தாங்குது. கிரீஸ் இல்லாம காஞ்சா, குறிப்பா கீழ் ட்ரனியன், திரெட் கொஞ்சம் கொஞ்சமாத் தேயும். ஸ்டியரிங்ல பெரிசாத் தெரியாது. தேஞ்சு முடிஞ்ச அன்னைக்குத் தண்டு ட்ரனியனை விட்டுக் கழண்டு, சக்கரம் மட்கார்டுக்குள்ள மடிஞ்சு படுத்துரும். வழக்கமா மெதுவாத் திருப்புறப்பதான் நடக்கும், அது வண்டிக்காரனோட அதிர்ஷ்டம். தொரை பங்களா வாசல்ல திருப்புறப்ப ஒரு மைனர் அப்படி முழங்கால் போட்டதை நான் கண்ணால பாத்தவன். அதே வண்டி அரை மணி நேரத்துக்கு முன்னாடி ரம்பொடை எறங்கி வந்தது.

பாக்குறது இப்படி. முன் பக்கத்தை ஜாக் போட்டு, ஸ்டேண்ட் வச்சு, வெறும் ஜாக்கை நம்பிக் கீழ போகாதீங்க, டயரை உச்சியிலயும் அடியிலயும் பிடிச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா, இன்னொரு ஆளை பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லிட்டுத் திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் போயிட்டா அது பெயரிங். பிரேக் மிதிச்சும் ஆடினா ட்ரனியன். கிரீஸ் அடிக்கிறதும் சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கிறப்பதான் அடிக்கணும். பாரம் இருந்தா கிரீஸ் போக வேண்டிய பக்கம் போகாது.

இதெல்லாம் பாத்து எழுதுங்க. அது வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. எமிஷன் சேர்ட்டிபிகேட் இருக்குன்னு சொல்லாதீங்க, அது புகையைத்தான் பாக்கும், ஸ்டியரிங்கை யாரும் தொட்டுப் பாக்க மாட்டாங்க.

---

நுவரெலியா_லேத்

ஐயா சொன்ன பரிசோதனை சரி. மேல் புஷ்ஷுக்கு நான் ஒரு வழி சொல்றேன். பெல்ட் இனி எதுக்கு? லேத்துல நைலோன்ல ஒரு புஷ் கடைஞ்சு தர்றேன். வெளிக் குழாயோட உள் அளவு, தண்டோட வெளி அளவு ரெண்டையும் வேணியர்ல எடுத்து அனுப்புங்க. ஆயுசுக்கும் ஆடாது.

---

ஸ்டோர்பிட்டர்

நைலோன் வேணாம் மகன். நைலோன் ஈரத்தை உறிஞ்சி ஊதும். நீங்க இருக்கிறது நுவரெலியாவுல, மார்கழியில கண்ணாடிக்கு உள்ளயே தண்ணி வடியும். கடைஞ்ச அன்னைக்கு அருமையா இருக்கிற புஷ், மழைக் காலத்துல தண்டைக் கவ்விக்கும். முடக்கு முடிஞ்சு வீல் தானாத் திரும்பி வராது. கடையத்தான் வேணும்னா அசெட்டல்ல கடையுங்க, டெல்ரின்னு விக்கிறாங்களே அது. அது தண்ணி குடிக்காது. கொஞ்சம் இடைவெளி விட்டுக் கடையுங்க.

ஆனா பெல்ட்டுக்கு என்ன குறை? அந்த வண்டியில பத்துப் பதினைஞ்சு வருசம் உழைச்சிருக்கும், எண்ணெய் விட்டிருந்தா இன்னும் உழைச்சிருக்கும். ஸ்டோர்ல நாங்க செஞ்சது பழைய கம்பளியில. கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க மழைக்குப் போடுற அசல் ஆட்டு மயிர்க் கம்பளி, இப்ப வர்ற பிளாஸ்டிக் நூல் போர்வை இல்ல. ஒரு துண்டை வெட்டி, கொதி தண்ணியில போட்டு சவுக்காரம் தேச்சு நல்லாக் கசக்கினா சுருங்கிக் கெட்டியாகும், நூல் பிரியாது. காய வச்சு, தண்டைச் சுத்தி ஒரு சுத்துக்கு முனையோட முனை சேர்ற மாதிரி வெட்டணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது, ஏறினா ஒரு பக்கம் இறுகும். அப்புறம் கியர் எண்ணெய்ல காரீயத்தூள் (கிராபைட்) கலந்து ராத்திரி பூரா ஊற வச்சிருங்க.

காரீயம்னா பென்சிலைச் சீவிப் போடாதீங்க, அதுல களிமண் கலந்திருக்கு, தண்டை அரிக்கும். நம்ம நாட்டுல போகலையிலயும் கஹட்டகஹவுலயும் வெட்டுறது உலகத்துலயே சுத்தமான காரீயம். அதைக் கப்பல்ல அனுப்பிட்டு நாம பென்சில் சீவுறது நியாயமா? பெரிய ஹார்ட்வெயார்கள்ல தூள் கேட்டுப் பாருங்க. இல்லாட்டி வெறும் எண்ணெய் போதும்.

---

கம்பளை நானா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பிட்டர் ஐயா சொன்ன கம்பளி வேலை எங்க வாப்பாவும் செஞ்சதுதான். ஆனா தம்பி, ரெடிமேட் பெல்ட் புஷ்ஷும் வருது, பெரிய காசு இல்ல. வெளிநாட்டுல இருந்து யாராவது வந்தா ஒரு கடித உறையில போட்டுக் கொண்டு வரலாம், அவ்வளவு சின்ன சாமான்.

மைனர் பார்ட்ஸுக்குக் கவலைப்படாதீங்க. இங்கிலாந்துல மைனர் திருத்துறவங்களுக்கே தொண்ணூறுகள்ல இருந்து நம்ம நாட்டுல தெற்குப் பக்கம் தகடு அடிச்சு அனுப்பியிருக்காங்க. இந்த வண்டிக்கு கை தெரிஞ்ச ஆள் இன்னும் இங்க இருக்கு. கொழும்புல பஞ்சிகாவத்தையிலயும் பழசு கிடைக்கும், ஆனா அங்க மைனருக்குன்னு சொல்லி மினிக் கொலத்தைத் தலையில கட்டப் பாப்பாங்க. கழட்டின பழசை ஒரு கையில வச்சுக்கிட்டுப் போங்க.

வாகன இறக்குமதியை நிப்பாட்டின 2020ல இருந்து பழைய வண்டி விலையெல்லாம் ஏறினதுல, தோட்டத்துல கோழி அடைஞ்ச மைனரையெல்லாம் இழுத்து வந்து திருத்துறாங்க. அதனால ட்ரனியன் சோடிக்குக் கிராக்கி. வாங்கும்போது இடதா வலதான்னு பாத்து வாங்கணும். ரெண்டு பக்கத்துக்கும் திரெட் எதிரெதிர், ஒரு பக்கம் வலத்திருகு, மத்தப் பக்கம் இடத்திருகு. மாத்தி வாங்கினா ஏறாது, கடைக்காரன் திருப்பியும் எடுக்க மாட்டான்.

---

மல்லியப்பு57

ஐயா, நானா, எல்லாருக்கும் நன்றி. மச்சானை உள்ள உக்கார வச்சு ஞாயித்துக்கிழமை பாத்தோம்.

மேல் புஷ் இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. கறுப்பாக் கொஞ்சம் பொடி, ஒரு குளவிக் கூடு, அவ்வளவுதான்.

அடியில விரல் வச்சுப் பாத்தேன். தண்டு திரும்புது, பினியன் சும்மா நிக்குது, கொஞ்சம் பொறுத்துத்தான் கிட்டுன்னு பிடிக்குது. கிளாம்ப் வெடிப்பு ஐயா சொன்ன மாதிரியே மூடிக் கிடக்கு, பிளேட் கூட நுழையல. போல்ட் எட்டு மில்லி. நட் வேற அளவு, பாதி திரெட்டுல இறுகி நின்னுட்டுது. வெடிப்புக்குள்ள ஒரு பால்மா டின் தகடை மடிச்சுத் திணிச்சிருக்காங்க, அதுல எழுத்துக் கூட இன்னும் வாசிக்கலாம். ஸ்பிளைன் பல்லு தண்டுப் பக்கம் மழுங்கி மினுங்குது. பினியன் பக்கம் பல்லு கூராத்தான் இருக்கு, நகத்தால இழுத்தா தடக்குது.

ட்ரனியன் வலது பக்கம் பரவாயில்ல. இடது கீழ, பிரேக் மிதிச்சும் ஆடுது. கிரீஸ் நிப்பிள் இருக்கிற எடமே தெரியல, மண்ணும் பழைய கிரீஸும் காஞ்சு கல்லாட்டம் மூடியிருந்துச்சு. சுரண்டி எடுத்துட்டு கன் பிடிச்சா உள்ள போகல, பக்கத்தால வழியுது.

இப்ப எதை முதல்ல செய்யிறது? தண்டை மட்டும் மாத்தினாப் போதுமா, ரெக்கையும் மாத்தணுமா?

---

ஸ்டோர்பிட்டர்

பால்மா டின் தகடா! அந்த ஆளுக்கு மூளை இருக்கு, மனசாட்சிதான் இல்ல.

முதல் வேலை இடது ட்ரனியன். அதை முடிக்காம வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது, கராஜுக்குக் கொண்டு போறதா இருந்தாலும் லொறியில ஏத்திக் கொண்டு போங்க. நிப்பிள் அடைச்சிருக்கு, அதைக் கழட்டிப் புதுசு போட்டாலும் அந்த ட்ரனியன் தேறாது. அந்தச் சக்கரத்துத் தண்டோட திரெட்டையும் பாருங்க, உச்சி கூராகி கத்தி மாதிரி இருந்தா அந்தத் தண்டும் மாத்தணும். புது ட்ரனியனைத் தேஞ்ச தண்டுல மாட்டினா கொஞ்ச நாள்ல அதையும் தின்னுரும். வலது பக்கம் பரவாயில்லன்னாலும் கழட்டிக் கழுவி கிரீஸ் போடுங்க. முன் பக்கம் டோர்ஷன் பார்ல நிக்குது, அதுல முறுக்கு இருக்கிறப்ப கழட்டினா அடிக்கும். இது தெரிஞ்ச ஆளை வச்சுச் செய்யுங்க, யூடியூப் பாத்துச் செய்யிற வேலை இல்ல.

கொலத்துக்கு வருவோம். பினியன் பல்லு கூரா இருக்குன்னா உங்களுக்கு யோகம். ரெக் அப்படியே இருக்கட்டும், உள்தண்டை மட்டும் மாத்துங்க. மழுங்கின தண்டுல வெடிப்பை அரத்தால ராவி அகலமாக்கி இறுக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. பல்லு நல்லா இருந்தா அதுல ஞாயம் இருக்கு, மழுங்கினதுல செய்யக் கூடாது. வேற தண்டு கிடைச்சதும் உங்க பினியன்ல ஏத்திப் பாருங்க. போல்ட் போடாமலே கையால திருப்பினா ஆட்டம் இருக்கக் கூடாது.

கழட்டுறப்ப பேட்டரியைக் கழட்டிருங்க. மைனர் பொசிட்டிவ் எர்த், யாராவது நடுவுல மாத்தியிருப்பாங்க, எந்தக் கம்பி உடம்புல இருக்குன்னு கண்ணால பாத்துட்டு அதைக் கழட்டுங்க. சக்கரம் ரெண்டும் நேரா நிக்கட்டும். நடுவுல ஹோர்ன் மூடியை எடுத்தா கீழ பெரிய நட். வீலுக்கும் தண்டுக்கும் ஒரு புள்ளி அடையாளம் குத்திட்டு நட்டைத் தளர்த்துங்க, ஆனா முழுசா எடுக்காதீங்க, ரெண்டு மூணு திரெட்ல நிக்கட்டும். வீல் சும்மா வராது, ரெண்டு கையாலயும் இழுப்பீங்க, திடீர்னு வரும். நட் இல்லாட்டி நேரா மூஞ்சியிலதான். வரலன்னா புல்லர் போடுங்க. தண்டு முனையில சுத்தியல் வேணாம், அந்த அடி பூரா பினியன் பல்லுக்குத்தான் போகும்.

திரும்ப ஏத்துறப்பதான் முக்காவாசிப் பேர் அவசரப்படுவாங்க. ரெக்கை முதல்ல நடுவுக்குக் கொண்டு வரணும். ஒரு பக்கக் கடைசியில இருந்து மத்தக் கடைசி வரைக்கும் எத்தனை சுத்துன்னு எண்ணி, அதுல பாதி. டாஷ்ல கொலத்தைப் பிடிக்கிற பிராக்கெட் போல்ட்டை இறுக்காம விடுங்க. அடியில கிளாம்ப் போல்ட்டை, அசல் யூஎன்எஃப் போல்ட்டும் புது லொக் நட்டும் போட்டு, முதல்ல இறுக்குங்க. வீலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் சுத்துங்க, கொலம் தனக்கு வேண்டிய எடத்துல உக்காரும். அப்புறம் பிராக்கெட். பிராக்கெட்டை முதல்ல இறுக்கினா தண்டு வளைஞ்சு நிக்கும், வீல் ஒரு எடத்துல லேசாவும் ஒரு எடத்துல இறுக்கமாவும் சுத்தும். அதைப் பாத்துட்டு ரெக் கெட்டுப்போச்சும்பாங்க.

ரெக்குல பினியனுக்கு எதிரா ஒரு டேம்பர் இருக்கு, ஸ்பிரிங்கும் ஷிம்மும் வச்சது. மிச்ச ஆட்டத்தை மறைக்க அதை இறுக்கிராதீங்க. ரெக்குக்குள்ள கிரீஸ் அடைக்கிறவங்களும் இருக்காங்க. அதுக்குப் போடுறது கியர் எண்ணெய், 90. கிரீஸ் பல்லுல இருந்து விலகி ஓரத்துல போய்க் குந்திக்கும். ரப்பர் பூட் கிழிஞ்சிருந்தா எண்ணெய் நிக்காது, அதையும் பாத்துருங்க.

இன்னொண்ணு. இந்தக் கொலம் ஒரே நீளத் தண்டு, மோதினா மடங்காது. மடங்குற கொலத்தை அமெரிக்காவுல ஜெனரல் மோட்டர்ஸ் 1967 மொடல் வண்டியிலதான் கொண்டு வந்தாங்க. உங்க வண்டியில மோதினா அது நெஞ்சுக்கு நேரா வரும். நல்ல சீட் பெல்ட் ஒண்ணு போட்டுக்குங்க, இடுப்புப் பெல்ட் மட்டும் போதாது, தோளுக்கும் வேணும்.

---

கம்பளை நானா

தண்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. 1962க்குப் பொறகு வந்த 1098 சீசீ வண்டியில கழட்டினது. உங்களுக்கு ஒத்து வருமான்னு பழசைக் கொண்டு வந்து பக்கத்துல வச்சுப் பாத்துட்டுக் காசு தாங்க, நீளமும் பல்லும் சரியா இருந்தா எடுங்க. இன்ஷா அல்லாஹ் ட்ரனியனும் இடது பக்கத்துக்குத் தேடித் தர்றேன், ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்கேன்.

---

நுவரெலியா_லேத்

ஐயா, அசெட்டல் கம்பி கண்டில கிடைக்குதாம். அண்ணனுக்குக் கம்பளி வேணாம்னா கடைஞ்சு தர்றேன். இடைவெளி எவ்வளவு விடட்டும்?

---

ஸ்டோர்பிட்டர்

தண்டு கையால லேசாச் சுத்தணும், ஆட்டினா சத்தம் வரக் கூடாது. அதுதான் அளவு. புஷ்ஷுல நீளத்துக்கு ஒரு வெட்டு விடுங்க, ஏத்துறதுக்கும் லேசு, குழாய் கொஞ்சம் நெளிஞ்சிருந்தாலும் ஒத்துப்போகும்.

---

மல்லியப்பு57

நானா, வெள்ளிக்கிழமை கம்பளைக்கு வர்றேன், ஜும்மாவுக்குப் பொறகு. பஸ்லதான்.

புஷ் கம்பளியிலயே போடப்போறேன். எங்க ஆச்சியோட கம்பளி ஒண்ணு பெட்டியில இருக்கு. ஒரு மூலையை வெட்டுறதுக்கு அம்மாகிட்ட இன்னும் கேக்கல, கேக்குறதுக்குத்தான் ட்ரனியனை விடப் பயமா இருக்கு.

ஐயா, எல்லாம் முடிஞ்சா அலைன்மென்ட்டுக்கு என்ன அளவு சொல்லணும்? அந்தக் கம்பியூட்டர்காரங்க மறுபடி திருப்பி அனுப்பிடுவாங்க.

---

ஸ்டோர்பிட்டர்

டோ இன், அதாவது முன் சக்கரம் ரெண்டும் முன் பக்கம் கொஞ்சம் உள்ள சாயுற அளவு, 3/32 இஞ்சி. மில்லியில 2.4. ஒரு தாளில எழுதிக் கையில குடுங்க, கம்பியூட்டர்ல வண்டி பேர் இல்லாட்டியும் கையால அளவு போட வழி இருக்கும், இல்லன்னு சொன்னா வேற கடை பாருங்க. போறதுக்கு முன்னாடி காத்து சரி பாருங்க, முன்னுக்கு 22. ஜப்பான் காருக்கு அடிக்கிற மாதிரி 32 அடிச்சு வச்சிருப்பாங்க, அதுல அளவெடுத்துப் பிரயோசனம் இல்ல.

கம்பளியில நடுவுல வெட்டாதீங்க, கரைப் பக்கம் எடுங்க. அம்மாவுக்குத் தெரியாது.

---

வெலிமடை_கேம்பிரிட்ஜ்

ஐயா, இதே பிளே என்னோட ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55லயும் இருக்கு. இதே மாதிரி கிளாம்ப் போல்ட்டை இறுக்கினா சரியாகுமா?

---

ஸ்டோர்பிட்டர்

உங்களுது பொக்ஸ். இது வேற, அது வேற. தனியா ஒரு கேள்வி போடுங்க. போடுறதுக்கு முன்னாடி பொக்ஸ்ல எண்ணெய் இருக்கான்னு பாத்துட்டு வாங்க, இல்லன்னு வந்து நிப்பீங்க.